குளிக்கப் போன சணப்பு

கப்பல் ஏறாமல், ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டுமாக வெளிநாடு போய் வந்தவன் நான். இரண்டு வெள்ளைக்காரர்கள் நம்மைப் பங்கு போட்டுக்கொண்டு ஆண்ட காலம் அது. சென்னையில் இங்கிலீஷ்காரன், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன். நான் சென்னையில் ஒரு கயிற்றுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பிரெஞ்சுக்காரன் பக்கம் பாகூர்ல சணப்பு நார் நல்லா விளையுதாம். போய்ப் பார்த்துட்டு மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

பதினெட்டு வருஷம் கயிற்றோடு குடித்தனம் நடத்தியவன் நான். மூட்டை கட்டும் கயிறு, கப்பல் கயிறு, கட்டில் கயிறு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வேன். ஆனால் அந்தக் கயிறு செடியாக நிற்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்கக்கேடுதான். சணப்பு என்றால் ஏதோ புதர், முள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரியில் இறங்கியதும் முதல் வேலையாகச் சாக்கடையில் விழுந்தேன். அந்த ஊரில் புஸ்புஸ் என்று ஒரு வண்டி உண்டு. நாம் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பிடித்து வண்டியைத் திருப்புவது நம் பொறுப்பு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கம்பி எதற்கோ அழகுக்கு இருக்கிறது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவை வேடிக்கை பார்த்தேன். வண்டி நேராகப் போய்ச் சாக்கடையில் இறங்கியது. தள்ளியவர் என்னைத் தூக்கிவிட்டு, "இன்னா முசே, கை இருக்குதில்ல?" என்றார். முசே என்றால் ஐயா. திட்டும்போதும் மரியாதையாகத் திட்டுகிற ஊர்.

சாப்பாட்டுக் கடையில் நீளமான ரொட்டியை மீன்குழம்பில் தோய்த்துத் தின்றார்கள். எனக்குக் கொஞ்சம் கெட்ட வயிறு, தயிர்சாதத்துக்கே முனகும். ஆனாலும் பக்கத்து இலைக்காரர் தின்ற வேகத்தைப் பார்த்து நானும் கேட்டேன். மேலே பாறை, உள்ளே பஞ்சு. குழம்பு இறங்கினதும் அந்தப் பாறையும் கரைந்துவிட்டது. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாகூருக்கு மாட்டுவண்டி. வண்டிக்காரர் முனுசாமிக்கு நாற்பது வயதிருக்கும், கரிக்கலாம்பாக்கத்துக்காரர். என் வேலையைச் சொன்னதும், "சணப்பா? எந்தங்கச்சி அஞ்சலை வூட்டுக்கே இட்டுகினு போறேன் வாங்க. பாகூர் பக்கத்துலதான் கட்டிக் குடுத்திருக்குது. இந்த வாரந்தான் நாரு உரிக்கிறாங்க" என்றார். மூலக்குளம் தாண்டி, வில்லியனூரில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தெற்கே திரும்பினோம்.

அங்கே ஆரம்பித்தது கூத்து. பாகூர்ப் பக்கத்தில் இரண்டு ராஜ்யமும் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்து கிடக்கின்றன. "இந்தப் புளியமரம் பிரெஞ்சு. அந்தப் பனைமரம் இங்கிலீஷு. நடுவுல போவுது பாருங்க ஆடு, அது ரெண்டுமில்ல" என்று முனுசாமி சாட்டைக்கம்பால் காட்டிக்கொண்டே வந்தார். அரை நாளில் நான்கு முறை வெளிநாடு போய் நான்கு முறை தாய்நாடு திரும்பினேன். வரப்பில் எந்தக் கோடும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே வெயில். அந்த ஆடியில் ஒரு பக்கத்துக்கும் மழையில்லை.

அடுத்த எல்லைக்குச் சற்று முன்னால் படீரென்று ஒரு சத்தம். வலத்துமாட்டை நுகத்தடியோடு பிணைக்கும் கழுத்துக்கயிறு அறுந்து, வண்டி ஒருச்சாய்ந்து நின்றது. என் தகரப் பெட்டி என் மடியில். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. இன்றைக்கு இங்கேதான் வாசம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முனுசாமி பதறவில்லை. வேலியோரத்தில் தானாக முளைத்து ஓங்கி நின்ற நாலைந்து செடிகளைப் பிடுங்கினார். ஒவ்வொன்றும் அவர் உயரத்துக்கு மேல். நுனியில் பளீரென்று மஞ்சள் பூ. பூவை மாட்டுக்குப் போட்டார், மாடு மென்றது. அடித்தண்டைப் பல்லால் கடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பட்டை அடியிலிருந்து நுனிவரை ஒரே வாராக உரிந்து வந்தது. அதைத் தொடையில் வைத்து முறுக்கினார். கால்மணி நேரத்தில் விரல் பருமனில் ஒரு பச்சைக் கயிறு.

"இது தாங்குமா?" என்றேன்.

"நீங்க பட்டணத்துல விக்கிறது இதுதான் முசே. இது பச்ச, அது காய்ஞ்சது. அவ்ளோதான்."

பதினெட்டு வருஷமாக நான் தடவிப் பார்த்து விற்ற சரக்கு சாலையோரத்தில் பூத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பச்சைக் கயிறு எங்களைப் பாகூர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இறங்கியதும் அதைத் தொட்டுப் பார்த்தேன். முறுக்கு இளகவே இல்லை.

அஞ்சலை முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை. கணவர் சைகோனுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம். நிலம், மாடு எல்லாம் அவள் ஒருத்தி பார்ப்பதுதான். அண்ணன் கூட்டிவந்த விருந்தாளி என்று கேழ்வரகுக் கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடும் வைத்தாள். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னாம்மா?" என்று முனுசாமி கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

விஷயம் இதுதான். அவள் வீடு பிரெஞ்சு எல்லையில். பத்து நிமிஷ நடையில் அவளுடைய கிணறும் நாற்றங்காலும். அது இங்கிலீஷ் எல்லையில். கிணற்றில் கவலை பூட்டி இறைப்பாள்: மாடுகள் சரிவில் இறங்கும், அவற்றின் நுகத்தில் கட்டிய தடித்த வடம் கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் நிறைந்த தோல்சாலைத் தூக்கிவரும். அந்த வடம் மூன்று நாளைக்கு முன்னால் அறுந்துவிட்டது. வீட்டிலிருந்த விதைநெல் மொத்தமும் நாற்றங்காலில் முளைத்து நிற்கிறது. மறுபடி விதைக்க ஒரு மணி கிடையாது.

"தண்ணி கண்ணுக்குத் தெரியுது, மேல வர வழியில்ல. கொடத்துல மொண்டு ஊத்தறோம், மண்ணு முழுங்கிடுது. நாத்து நுனி செவந்துபோச்சுண்ணா. இன்னும் மூணு நாளு. அதுக்கு மேல தாங்காது. நாத்து போச்சுன்னா இந்த வருசம் வயலு தரிசு" என்றாள்.

"ஒரு வடம் இரவல் வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மழையில்லாத ஆடியில எல்லாக் கெணறும் ஓடுது முசே. ஓடற வடத்த யாரு அவுத்துக் குடுப்பாங்க? நம்ம நாரு குட்டையில ஊறிக்கினு இருக்குது. நாளைக்கு எடுத்துடலாம்."

மூன்றாம் நாள் காலை, குட்டைக்குப் போகுமுன் அவள் வீட்டுப் பின்பக்கம் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வயல் முழுக்கச் சணப்பு பூத்திருந்தது. அவரைப்பூ மாதிரி சின்னச் சின்னப் பூ. ஆனால் லட்சம், பத்து லட்சம். தேனீக்களின் இரைச்சல் தெருவரைக்கும் கேட்டது. மாடு உள்ளே போனால் கொம்புகூடத் தெரியாது. "எப்ப விதைச்சது?" என்றேன். "ரெண்டு மாசம் ஆவல" என்றாள் அஞ்சலை. என் மகன் வேட்டி கட்டப் பதினான்கு வருஷம் எடுத்துக்கொண்டான். இந்தச் செடி அறுபது நாளைக்குள் என் தலையைத் தாண்டி நிற்கிறது.

ஒரே ராத்திரியில் வளரும் என்று முனுசாமி சொன்னதை நம்பாமல், முந்தினநாள் மாலையே வாசல் வேலியோரச் செடி ஒன்றின் நுனிக்கு நேராகப் பக்கத்து மூங்கிலில் என் துண்டிலிருந்து ஒரு நூல் பிரித்துக் கட்டிவைத்திருந்தேன். இப்போது பார்த்தால் நுனி நூலைவிட இரண்டு விரற்கடை மேலே இருந்தது. நான் தூங்கி எழுந்து பல் விளக்குவதற்குள்! இரண்டாம் தடவையும் விரலை வைத்து அளந்தேன். அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இது கயிறுக்கு இல்ல முசே. இப்பிடியே பூவோட மடக்கி உழுதுடுவோம். சேத்துல அழுகி, வயலுக்கு உரம். நாரு வேணுன்னா காய் பிடிக்கிறவரைக்கும் வுட்டு அறுக்கணும். தழைய மாடு தின்னும். நாரு உரிச்ச குச்சி அடுப்புக்கு ஆவும்" என்றாள். ஒரு செடியில் வீணென்று எதையும் அவளால் காட்ட முடியவில்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

குட்டைக்குப் போனதும் என் வியப்பெல்லாம் மூக்கு வழியாகப் போய்விட்டது. ஐந்து நாள் ஊறிய சணப்பின் நாற்றத்தை எழுத்தில் சொல்வது நாகரிகமில்லை. கட்டுக்கட்டாக அமிழ்த்தி மேலே சேற்றை அப்பியிருந்தார்கள். குடிதண்ணீர்க் குளத்தில் இதை ஊறவைக்க எந்த ஊரும் சம்மதிக்காது. இந்தச் சணப்பு விளைந்த கிணற்றுப்பக்கத்தில், இங்கிலீஷ் எல்லையில், குட்டை கிடையாது. அதனால் அங்கே விளைந்ததை அறுத்து வண்டியிலேற்றி, இந்தப் பக்கம் கொண்டுவந்து ஊறவைப்பது வருஷாவருஷம் வழக்கம்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஆறு பெண்கள் நின்றார்கள். அஞ்சலை ஒரு பிடி கறுத்த, கொழகொழத்த தண்டை எடுத்தாள். அடியை ஒடித்தாள். குச்சி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போக, கையில் ஏதோ அழுக்குச் சடை. அதைத் தண்ணீரில் ஓங்கி நாலு அடி அடித்து, அலசி, தூக்கி உதறினாள். வெள்ளை! வெயிலில் மின்னுகிற, அவள் உயரத்துக்கு மேல் நீண்ட, பட்டு மாதிரி நார். இந்தச் சேற்றுக்குள் இது எங்கே இருந்தது? நான் மூக்கைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன். உச்சிப்பொழுதுக்குள் குட்டைக்கரை வேலியெல்லாம் வெண்மையாகத் தொங்கியது. எனக்கு மாதிரிக்கென்று எட்டுப் பிடி நார் முடிந்து கொடுத்தாள். அதைப் போல் சரக்கு எங்கள் கிடங்குக்கு வந்ததே இல்லை.

நான்காம் நாள் நார் காய்ந்துவிட்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு கிணற்றுக்குப் புறப்பட்டோம். வடம் முறுக்க நீளமான இடம் வேண்டும்; கவலைச் சரிவுதான் அதற்கு வாகு. பாதி வழியில் இங்கிலீஷ்காரர்களின் சுங்கச் சாவடி. பழைய அதிகாரி பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே கையை ஆட்டிவிடுவாராம். இப்போது வந்திருப்பவர் புதிது. மாற்றலாகி வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. வெளுத்த சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் தடித்த சட்டப் புத்தகம். வண்டியை நிறுத்தினார்.

"நார் வெளிநாட்டுச் சரக்கு. அனுமதிச் சீட்டு எங்கே?"

அஞ்சலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியிலிருந்து குதித்தாள். "இன்னா ஐயா சொல்றீங்க? இதோ உங்க கண்ணெதிர வெளஞ்சதுதான். அந்தக் கெணத்து மோட்டுல அடிக்கட்டை இன்னும் நிக்குது பாருங்க. குளிக்கத்தான் எங்க குட்டைக்கு வந்துச்சு. குளிச்சிட்டு வூட்டுக்குத் திரும்பி வந்தா அந்நியமாயிடுமா?"

அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்கள் சொல்வது நிஜமாக இருக்கலாம் அம்மா. ஆனால் உங்கள் வீட்டுக்குப் பின்னாலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. அந்தச் செடியின் நார் இல்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? கடலூருக்கு எழுதிக் கேட்கிறேன். பதில் வர ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம்! சாவடித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் அவளுடைய நாற்றங்கால் தெரிகிறது. பச்சையில் பாதி பழுப்பாகிவிட்டது. வரப்பு வழியாகச் சுற்றிக் கொண்டுபோகலாமென்றால், கிணறும் அதே தாழ்வாரத்துக்கு நேரெதிரே. மறுநாள் காலையில் புது வடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பறிமுதல் செய்தால் மாடும் வண்டியும் சேர்ந்து போகும்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியும். "சரி சார். இவர்கள் தினமும் மாட்டை ஓட்டிக்கொண்டு இந்த வழியாகப் போகிறார்களே, மாட்டுக்குக் கயிறு இருக்கிறது. அதற்குச் சீட்டுக் கேட்டீர்களா?" என்றேன்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். விரலை வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். "உழவர் வயலுக்குப் போகையில் மாட்டில் பூட்டியது, உடம்பில் கட்டியது, சுமையைக் கட்டியது, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொங்கவிட்டது, இவை உபயோகத்தில் இருப்பவை. சரக்கு ஆகாது."

அஞ்சலை வண்டியைத் திருப்பச் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும், "முசே, அவரு படிச்சத இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னொரு தரம்." மூன்றாம் தடவை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குதித்திறங்கி, தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று பொழுது சாயும்வரை அந்தத் தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை. வீட்டு வாசலெல்லாம் நார். தொடையில் வைத்து முறுக்குகிறவர்கள், காலில் மாட்டிப் பின்னுகிறவர்கள். கூழ்ப்பானை தொங்கவிட உறி, மாட்டுக்கு வாய்க்கூடு, கழுத்துக்கயிறு, தும்பு, கூடைக்குக் காது, சுமைக்குச் சும்மாடு. நான் கிடங்கில் இருபது விதக் கயிறு விற்றிருக்கிறேன். அந்தத் தெரு ஒரே பகலில் செய்ததை எண்ண என் விரல்கள் போதவில்லை. எல்லாமே ஒரே செடி. மூன்று மாதத்துக்கு முன் அது ஒரு பிடி விதை. அந்த வாசல்களின் நடுவே நின்றபோது எனக்குக் கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வெயில் ஏறும் முன்னே ஊர் வயலுக்குப் புறப்பட்டது. முதலில் முனுசாமி, இரண்டு மாட்டோடு. ஒவ்வொரு மாட்டுக்கும் கழுத்தில் மூன்று கயிறு. பின்னால் பெண்கள், ஆளுக்கு ஒரு உறியில் கூழ்ப்பானை. வைக்கோல் கட்டு சுமந்தவர்கள் கட்டை எட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தார்கள். ஒருவர் கோவணத்துக்கு மேல் இடுப்பில் ஏழு கயிறு கட்டியிருந்ததில் மூச்சு விடச் சிரமப்பட்டார். வீராம்பட்டினத்திலிருந்து கருவாடு விற்க வந்த ஒரு அம்மாள், விவரம் கேட்டுவிட்டு, "எங்க வலையும் இந்த நாருதாண்டி, குடு இப்பிடி" என்று தன் கூடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிட்டாள். என் படுக்கைச் சுருட்டை மாதிரிக்கு வாங்கிய எட்டுப் பிடி நாரால் கட்டி நானும் தலையில் வைத்துக்கொண்டேன்.

அதிகாரி தாழ்வாரத்தில் நின்றார். முதல் மாடு போயிற்று. பார்த்தார். பத்துப் பானை போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்த பெண்ணை நிறுத்தி, "ஒரு ஆட்டுக்கு எதற்கம்மா நாலு கயிறு?" என்று கேட்டார்.

"ரொம்ப ஓடுது சாமி" என்றாள் அவள். ஆடு அசையாமல் நின்று வாய்க்கயிற்றையே மென்றுகொண்டிருந்தது.

அவர் புத்தகத்தைத் திறந்தார். முந்தின நாள் விரல் வைத்த அதே பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போங்கள்" என்றார்.

கிணற்றுமேட்டில் அத்தனையும் அவிழ்ந்து ஒரே குவியலாயிற்று. பிரித்து, நனைத்து, மூன்று புரியாகச் சரிவின் முழு நீளத்துக்கும் நீட்டினார்கள். ஒரு முனையில் முனுசாமி மரக்கொக்கியைச் சுற்றினார். மறுமுனையை நாலு பேர் குதிகாலை ஊன்றி இழுத்துப் பிடித்தார்கள். மூன்று புரிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, என் மணிக்கட்டுப் பருமனுக்கு வடம் உருண்டு வந்தது. உச்சிப்பொழுது தாண்டி அளந்து பார்த்தால் இரண்டு முழம் குறைகிறது. அஞ்சலை வடத்தின் முனையைக் கையில் பிடித்தபடி கிணற்றை எட்டிப் பார்த்தாள். சால் தண்ணீரைத் தொடாது. வேறு நார் இல்லை. குச்சியில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

என் படுக்கைச் சுருட்டைப் பார்த்தேன். முதலாளி முகம் ஒரு நொடி வந்து போயிற்று. கட்டை அவிழ்த்து எட்டுப் பிடியையும் முனுசாமி கையில் கொடுத்தேன். "வாணாம் முசே, நீங்க வந்த வேலையே அதானே" என்றாள் அஞ்சலை. "சேர்த்து முறுக்கும்மா" என்றேன்.

வடத்தைச் சாலில் கட்டி உருளையில் ஏற்றினார்கள். முனுசாமி மாடுகளைச் சரிவில் இறக்கினார். வடம் விறைத்தது. உருளையில் ஏறும்போது முறுக்கிலிருந்து தண்ணீர் சொட்டி, ஒரு முனகல் கேட்டது. முந்தாநாள் வேலியில் காற்றுக்குப் பறந்த நார், என் கையால் அறுத்துவிடக்கூடிய இழை, ஒரு குளத்தையே தூக்குகிறமாதிரி தோல்சாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. சால் விளிம்பேறிக் கவிழ்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் இரைந்து ஓடியது. கருவாட்டுக்கார அம்மாள் குலவையிட்டாள்.

முதல் பத்துச் சாலையும் காய்ந்த வாய்க்காலே குடித்துவிட்டது. பிறகுதான் மெல்ல நாற்றங்காலுக்குள் நுழைந்தது. எல்லோரும் வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அஞ்சலை மட்டும் கிணற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்றங்காலின் கடைசி மூலையில், எல்லாவற்றையும்விடப் பழுத்துப்போன இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு அவள் காலருகே வர வெகுநேரம் பிடித்தது. மாட்டை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு முனுசாமி அவளிடம் போனார், நானும் போனேன். நிமிர்ந்து பார்த்தால் என் பக்கத்தில் அதிகாரி. செருப்பைச் சாவடியிலேயே விட்டுவிட்டு வரப்பில் வெறுங்காலோடு வந்திருந்தார். வடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாற்று பிழைக்குமா அம்மா?" என்றார்.

அஞ்சலை நுனியெல்லாம் சிவந்த ஒரு நாற்றைப் பிடுங்கினாள். வந்துசேர்ந்த தண்ணீரில் அதன் அடியை அலசினாள். மண் கரைந்து போயிற்று. மயிரிழை மாதிரி நாலைந்து வேர், எல்லாமே வெள்ளை. அதை உள்ளங்கையில் வைத்து, அண்ணனுக்குக் காட்டினாள், அதிகாரிக்குக் காட்டினாள், எனக்குக் காட்டினாள்.

"உசுரு இருக்குது" என்றாள்.

பிறகு அந்த ஒற்றை நாற்றை அதே குழியில் வைத்து, கட்டைவிரலால் மண்ணை அழுத்தினாள்.